கொகுராவுக்கென்று புறப்பட்டது

1954 இலையுதிர்காலத்தில் ஒரு மதியம், கொகுரா டிராம் பணிமனையின் ஓய்வறையில் நின்றபடியே கினுயோ ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டினாள். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணத்துக்குப் பிறகும் கண்டக்டர் வேலையை விடாத இரண்டு பெண்களில் அவள் ஒருத்தி. கூட வேலை பார்க்கும் பெண் துணி தைக்கும் பக்கத்துக்காக வாங்கிய பத்திரிகை அது. நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் நாகசாகியில் விழுந்த அணுகுண்டு நாகசாகிக்கென்று புறப்பட்டதில்லையாம். கொகுராவுக்கென்று புறப்பட்டதாம். குறி வைத்தது கொகுராவின் ஆயுதத் தொழிற்சாலையை. விமானம் மூன்று முறை சுற்றி வந்தும் மேகமும் புகையும் ஊரை மூடியிருந்ததால், விமானிக்குத் தொழிற்சாலைக் கூரை கண்ணில் படவில்லை. பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. சரி, அடுத்த ஊருக்குப் போவோம் என்று திரும்பிவிட்டார்கள்.

கினுயோ அந்தக் கூரைக்கடியில்தான் இருந்தாள். பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு மாணவிகளையெல்லாம் வேலைக்கு அனுப்பியிருந்த காலம். அன்று காலை அபாயச் சங்கு ஊதியதும் எல்லோரும் பதுங்கு குழிக்குள் ஓடினார்கள். மேலே ஒரு விமானத்தின் சத்தம் வந்தது, போனது, மறுபடி வந்தது. முந்தின நாள் குண்டுவீச்சில் பக்கத்து யவாதா ஊர் எரிந்ததில் புகை இன்னும் அடங்கவில்லை. குழிக்குள் தொண்டை எரிந்தது. எப்போது வெளியே விடுவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எலி தின்றுவிடுமே என்பதுதான் அவளுடைய கவலையெல்லாம். விமானம் போய்விட்டது. கிழங்கு பத்திரமாக இருந்தது. அவள் அதைத் தோலோடு தின்று முடித்த நேரத்தில்தான் நாகசாகியில் ஷின்சாகுவின் மனைவியும் நாலு வயது மகளும் செத்துப்போயிருக்க வேண்டும்.

ஷின்சாகுதான் இப்போது கினுயோவின் கணவன்.

அவன் யவாதா இரும்பாலையில் கிரேன் ஓட்டினான். தினமும் அவள் வண்டியில் ஏறுவான். பேசமாட்டான். ஒன்றரை வருடம் அப்படியே போன பிறகு, தன் மேஸ்திரியை அவள் அண்ணனிடம் பெண் கேட்டு அனுப்பினான். கல்யாணத்துக்கு முன் அவளைத் தனியே கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னான். முதல் மனைவி ஹாருயே, மகள் சதோமி, இரண்டு பேரும் அன்று நாகசாகியில் உராகாமிக் குன்றடியில் வீட்டில் இருந்தார்கள். அவன் சசெபோ ஊரில் கப்பல்துறை வேலைக்குப் போயிருந்ததால் தப்பினான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மிசாவோ என்று பெயர் வைத்தார்கள்.

பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கினுயோ அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனாள். டிராமில் ஏறினால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாமே இருந்திருக்கக்கூடாத முகங்கள். அவளுடையதும்தான்.

வீட்டில் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. கணவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பைத் துடைப்பாள், துடைத்ததையே துடைப்பாள். மீனில் நல்ல துண்டுகளையெல்லாம் அவன் கிண்ணத்தில் வைப்பாள். "உனக்கு எங்க?" என்று கேட்டால் "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பாள். அவன் நன்றி சொன்னால் யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருக்கும். மிசாவோ அப்பாவின் முதுகில் ஏறி விளையாடும்போது அறையை விட்டுப் போய்விடுவாள். குழந்தைக்கு நாலு வயது ஆகப்போகிறது, சதோமியின் வயது.

வேலையிலும் தடுமாற்றம். நிறுத்தத்தின் பெயரை மாற்றிச் சொல்லிவிடுவாள். வானம் வெளுத்திருந்தால் பயணிகள் ஏறி முடிப்பதற்குள் படியில் நின்று மேலே அண்ணாந்து பார்ப்பாள். மழைக்காலம் அவளுக்குப் பரவாயில்லை. வெயில் நாள்தான் பொறுக்க முடியவில்லை. பிள்ளை உண்டாகியிருக்கிறாளோ என்று கூட வேலை செய்யும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஷின்சாகு உடம்புக்கு ஏதோ இருக்கும் என்று வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனான். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்கச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் நாடு முழுக்கக் கையெழுத்து இயக்கம் சூடுபிடித்திருந்தது. அணுகுண்டு இனி வேண்டாம் என்று வீடு வீடாக, மீன்கடை, குளியல்கூடம் என்று எல்லா இடத்திலும் பெண்கள் தாள்களோடு அலைந்தார்கள். கினுயோவின் வீட்டுக்கும் ஒரு தாள் வந்தது. ஷின்சாகு அன்றே பெயர் எழுதி முத்திரை பதித்துவிட்டான். அதற்குக் கீழே கினுயோவின் வரி காலியாகக் கிடந்தது. பேனாவை எடுப்பாள், வைப்பாள். எந்தக் குண்டு வேண்டாம் என்று எழுதுகிறோம்? நமக்கு வந்ததை இன்னொருத்தி வாங்கிக்கொண்டாளே, அதுவா? அடுத்த வாரம் தருகிறேன் என்று வாங்க வந்தவளிடம் சொல்லித் தாளை அலமாரியில் வைத்தாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். விடாமல் மழை. அண்ணன் தகேஜிரோ சாப்பிட வந்திருந்தான். அவன் தங்கா சந்தையில் கடை வைத்திருந்தான். அரிசித் தவிட்டுக் குழம்பில் நாள் முழுக்க வேகவைத்த கானாங்கெளுத்தி மீனுக்கு அந்தச் சந்தையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெரிய குரல், பெரிய சிரிப்பு, வந்த வீட்டில் முதலில் சட்டியைத் திறந்து பார்க்கிற ஆள். அன்று கொண்டுவந்த மீனைத் தானே பரிமாறினான். ஷின்சாகு அலமாரியிலிருந்து தாளை எடுத்து அவன் பக்கம் வைத்து, மச்சானும் ஒரு கையெழுத்துப் போடலாமே என்று மரியாதையாகக் கேட்டான்.

தகேஜிரோ தாளைத் தொடவில்லை.

"நான் போட மாட்டேன், மாப்பிள்ளை. கோவிச்சுக்காதீங்க."

காரணத்தையும் அவனே சொன்னான். போரின் கடைசி மாதங்களில் அவன் மியாசாகிக் கடற்கரையில் சிப்பாயாக இருந்தான். அமெரிக்கர்கள் இறங்கினால் எதிர்ப்பதற்காக மணலில் குழி தோண்டினார்கள். ஆளுக்கு ஒரு குழி. கையில் நீளமான கழி, அதன் நுனியில் வெடி. டாங்கி வந்து குழிக்கு மேலே நிற்கும்போது கீழேயிருந்து குத்த வேண்டும். குத்தியவன் திரும்பி வரமாட்டான். அதற்கு ஒத்திகை வேறு, ஒரு மாட்டுவண்டியை டாங்கி என்று வைத்துக்கொண்டு தினமும் நடந்தது.

"பதினோரு பேர் இருந்தோம். பதினோரு பேரும் இன்னிக்கு உசுரோட இருக்கோம். போன வருஷம் எல்லாரும் ஒரு இடத்துல கூடினப்ப பிள்ளைங்களை எண்ணிப் பார்த்தோம். இருபத்தி மூணு. அந்தக் குண்டு விழலைன்னா சண்டை நின்னிருக்காது. அந்த இருபத்தி மூணும் இல்லை. இதை மனசுல வச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? பொய்யில்ல அது?"

ஷின்சாகு கிண்ணத்தை மேசையில் வைத்தான். தகேஜிரோ பேச்சை மாற்றுவதாக நினைத்துத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"என்னை மட்டும் கேக்கறீங்க. உங்க வீட்டுக்காரியும்தான் போடலை."

ஷின்சாகு திரும்பினான். கினுயோ சோற்றுக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மழுப்பிவிட வழி இருந்தது. பேனா எழுதவில்லை, மறந்துபோச்சு, எதையாவது சொல்லியிருக்கலாம். ஏழு மாதமாக மென்று முழுங்கியது அந்த நிமிஷம் தானாக வெளியே வந்தது.

"அது எனக்கு வந்தது. இந்த ஊருக்கு, நான் வேலை பார்த்த இடத்துக்கு. மேகம் இருந்ததால அங்க போயிடுச்சு. பத்திரிகைல படிச்சேன். உங்ககிட்ட சொல்ல முடியலை."

"தெரியும்" என்றான் ஷின்சாகு.

"எப்பலேருந்து?"

"உன்னைப் பார்க்கறதுக்கு முன்னாடியிலேருந்து."

பிறகு அவன் பேசினான். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவன் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றுதான். போர் முடிந்து மூன்றாம் வருடம், சசெபோவில் அமெரிக்க முகாம் சமையலறையில் வேலை பார்த்த ஒருவன் குடிபோதையில் அவனிடம் சொன்னான்: குண்டு உங்க ஊருக்கு வந்ததே இல்லைடா, கொகுராவுக்கு வந்தது. மறுநாள் ஷின்சாகு ரயில் ஏறிக் கொகுராவுக்கு வந்தான். வேலை தேடி வரவில்லை. அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தான். மூன்று நாள் தெருத்தெருவாக நடந்தான். கொடியில் துணி காய்ந்தது. ஆற்றில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிழவர்கள் பலகை விளையாட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, நீ ஏன், நீ ஏன் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே போனான். இவர்கள் யாரும் இல்லாமல் போயிருந்தால் சதோமி இருந்திருப்பாள். அதை மனதார விரும்பினான். மூன்றாம் நாள் ஒரு டிராமில் ஏறி வாசற்படியிலேயே மரம்போல நின்றுவிட்டான்.

"ஒரு கண்டக்டர் பொண்ணு கத்துச்சு. ஏறுறதுன்னா உள்ள போங்க, இறங்குறதுன்னா இறங்குங்க, நடுவுல நின்னா வண்டி எப்படிப் போகும்னு. உள்ள போனேன். அன்னிக்கு மதியம்தான் மூணு நாளைக்கப்புறம் சோறு சாப்பிட்டேன்."

கினுயோவுக்கு அது நினைவில்லை. ஒரு நாளைக்கு இருபது பேரிடம் அப்படிக் கத்துவாள். அவள் கேட்டது வேறு: "அப்ப என்னைப் பழி வாங்கறதுக்கா கட்டிக்கிட்டீங்க?"

"அப்படித்தான் நினைச்சேன். இந்த ஊர்லேருந்து ஒருத்தியாவது எனக்குச் சேரணும்னு. ஒரு வருஷத்துல அந்த நினைப்பு போயிடுச்சு. எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாது."

பிறகு தகேஜிரோவிடம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க உசுரோட இருக்கறது எனக்குச் சந்தோஷம், மச்சான். இவ இருக்கறதும் சந்தோஷம். அந்தக் குண்டு இல்லாமலே சண்டை நின்னிருக்கும்னு சில பேர் சொல்றாங்க, நின்னிருக்காதுன்னு சில பேர் சொல்றாங்க. எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கு நன்றி சொல்லச் சொன்னா முடியாது. என் எதிர்ல நீங்களும் சொல்லாதீங்க."

"நன்றின்னு நான் சொல்லலையே" என்றான் தகேஜிரோ. அவனுடைய பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது. "சண்டை முடிஞ்சதுன்னு ரேடியோவுல சொன்னாங்க பாருங்க, அன்னிக்கு நாங்க பதினோரு பேரும் குழிக்கு மேல உட்கார்ந்துகிட்டு டப்பா மாட்டுக்கறியைத் தின்னோம். சிரிச்சோம். வயிறு வலிக்கச் சிரிச்சோம். நாகசாகில என்ன நடந்துச்சுன்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சிரிச்சிருப்போம், மாப்பிள்ளை. அதைத்தான் என்னால இங்க உட்கார்ந்து மறைக்க முடியலை."

மிசாவோ இன்னும் சோறு வேண்டும் என்று கிண்ணத்தைத் தட்டினாள். தகேஜிரோ எழுந்து குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, குடையை மறந்து மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

சொல்லிவிட்டால் நிம்மதி வரும் என்று கினுயோ நினைத்திருந்தாள். வரவில்லை. அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை காதிலேயே நின்றது: அது விழலைன்னா சண்டை நின்னிருக்காது. இதே மாதிரி ஒன்றை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நாலைந்து நாள் டிக்கெட் கிழித்துக்கொண்டே யோசித்தாள். பிறகு நினைவுக்கு வந்தது.

ஆயுதத் தொழிற்சாலையில் முதல் குளிர்காலம் முழுக்க அவளும் மற்ற மாணவிகளும் காகிதம் ஒட்டினார்கள். கிழங்குப் பசையைத் தடவித் தாளின் மேல் தாளாக ஒட்டி, முப்பது அடி உயரத்துக்குப் பலூன் செய்தார்கள். விரல் ரேகையெல்லாம் தேய்ந்துபோனது. பசி தாங்காமல் சில பெண்கள் பசையை நக்கித் தின்றார்கள். பலூனில் குண்டைக் கட்டிக் காற்றில் விட்டால் கடலைத் தாண்டி அமெரிக்காவில் போய் விழும் என்றார்கள். எங்கே விழும், யார் தலையில் விழும் என்று யாரும் கேட்கவில்லை. கினுயோவும் கேட்கவில்லை. ஒவ்வொரு காலையும் வேலை தொடங்கும் முன் மேற்பார்வை அதிகாரி சொல்வார்: நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு தாளும் போரைச் சீக்கிரம் முடிக்கும்.

அவள் அதை நம்பித்தான் ஒட்டினாள். அந்த விமானத்தில் வந்தவர்களிடமும் யாரோ அதையேதான் சொல்லியிருப்பார்கள். போர் சீக்கிரம் முடியும். யார் எந்தக் குண்டைச் செய்தாலும் கையில் கொடுத்தனுப்புகிற வார்த்தை ஒன்றுதான் போலிருக்கிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். ஷின்சாகு பார்த்தான். ஆகஸ்டில் நாகசாகிக்குப் போகிறேன், நீயும் வா என்று மட்டும் கூப்பிட்டான்.

போனார்கள். மிசாவோவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். ரயிலில் ஆறு மணி நேரமும் கினுயோ உட்காரவில்லை, கதவருகே நின்றுகொண்டே வந்தாள். ஷின்சாகுவின் அக்காள் தோமே குன்றடியில் தகர வீட்டில் தனியாக இருந்தாள். தலைமுறை தலைமுறையாக மாதாவைக் கும்பிடுகிற குடும்பம். சோறு போட்டுக்கொண்டே தோமே, ஹாருயேயும் குழந்தையும் பலியாகக் கொடுக்கப்பட்டவர்கள், அந்தப் பலியை ஏற்றுக்கொண்டுதான் கடவுள் போரை நிறுத்தினார் என்று சொன்னாள். ஷின்சாகு கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனான். கோபமாகத் தெரியவில்லை, பழகிப்போன மாதிரி எழுந்து போனான்.

இரண்டு பெண்களும் கல்லறைக்குப் போனார்கள். ஒரே கல். இரண்டு பெயர். சுற்றிலும் புல் மண்டிக் கிடந்தது. தோமே முழங்கால் போட்டுப் பிடுங்கத் தொடங்கினாள். கினுயோவும் குனிந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, நான் கொகுராக்காரி அண்ணி என்று சொன்னாள். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"தெரியும். அன்னிக்கு அங்க மேகமாமே."

"ஆமா."

தோமே ஒரு வேரை இழுத்துப் பிடுங்கினாள். கினுயோ கேட்டுவிட்டாள்: கடவுள் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா?

"நான் அதை நம்பலைன்னா காலைல எழுந்திரிக்க முடியாது. அவன் அதை நம்பினா எழுந்திரிக்க முடியாது. நீ அவன்கூட இருக்கறவ. நீ எதுவும் நம்ப வேண்டாம், அவன் எழுந்திரிச்சா போதும்." பிறகு கினுயோவின் கையைப் பார்த்தாள். "அப்படி நுனியை மட்டும் கிள்ளாத. வேரோட எடு. இல்லைன்னா அடுத்த மாசம் திரும்ப வந்துடும்."

வெயில் கொளுத்தியது. வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. கினுயோ இரண்டு மணி நேரம் நிமிராமல் புல் பிடுங்கினாள். முழங்கால் வீங்கிவிட்டது.

தகேஜிரோ கடைசிவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து மீன் சட்டியோடு வந்தான், வழக்கம்போல முதலில் அடுப்பிலிருந்த சட்டியைத் திறந்து பார்த்தான். பிற்பாடு இரண்டு முறை அந்தப் பேச்சு வந்தது. இரண்டு முறையும் குரல் உயர்ந்தது. ஷின்சாகுவும் அவனும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதையும் விடவில்லை. யவாதா ஆலையில் ஷின்சாகுவின் விரல் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினெட்டு நாளும் சோறு கொண்டுபோனது தகேஜிரோதான்.

கினுயோ விடுமுறை நாளில் தாள்களை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். கொகுராவில் அது சுலபமான வேலையில்லை. அந்தக் கட்டுரையை இப்போது பல பேர் படித்திருந்தார்கள். சிலர் கண்ணைப் பார்க்காமல் சட்டென்று போட்டுக் கொடுத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. மகன் சீனாவிலிருந்து உயிரோடு திரும்பிய வீட்டில் ஒரு பெண்மணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நீயும் தப்பிச்சவ, நானும் தப்பிச்சவ. சண்டையும் நின்னுச்சு. அப்புறம் எந்த முகத்தோட அதைத் தப்புன்னு சொல்ற?" என்று கேட்டாள்.

கினுயோ அதற்குத் தயாராக எதையும் வைத்திருக்கவில்லை. அவளுக்கு அழகாகப் பேச வராது.

"இந்த முகத்தோடதாங்க. தப்பிச்சவ சொல்லலைன்னா வேற யார் சொல்றது? அங்க போய்க் கேட்டா சொல்றதுக்கு ஆள் இல்லை. நான் உசுரோட இருக்கேன். இருக்கறது எனக்குப் பிடிச்சும் இருக்கு. இருந்தும் தப்புன்னுதான் சொல்றேன்."

அந்தப் பெண்மணி அவளையே பார்த்தாள். உள்ளே சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. இரு என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பை அணைக்கப் போனாளா, பேனா எடுக்கப் போனாளா என்று தெரியவில்லை. கினுயோ வாசலில் நின்று பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஆகியும் யாரும் வரவில்லை. ஒரு தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, அடுத்த வீட்டின் கதவைத் தட்டப் போனாள்.